எல்லாருக்கும் 599

ரவிசந்திரன் அண்ணா பன்னிரண்டு டன் டையைத் தூக்கிக்கொண்டு போய் பிரஸ்ஸின் மேல் வைத்தால் சத்தம் வராது. புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் எங்கள் தொழிற்சாலையில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். டை என்பது பிரஸ் இயந்திரத்தில் பொருத்தி, கார் கதவுக்கான தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு. ஒரு சின்ன வீட்டின் சமையலறை அளவு இருக்கும். அதைத் தூக்குகிற கிரேன் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும். அதிலிருந்து தொங்குகிற கண்ணாடிக் கூண்டில், முப்பது அடி உயரத்தில், அண்ணா குனிந்து கீழே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இடது கைப்பிடி கிரேனை நகர்த்தும். வலது கைப்பிடி கொக்கியை ஏற்றும், இறக்கும். கடைசி ஒரு சாண் உயரத்தை அவர் கைப்பிடியைத் தட்டித் தட்டி இறக்குவார். ஒரு தட்டுக்கு அரை அங்குலம். இருபத்து நான்கு வருஷம் இப்படி.

நான் அங்கே மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். போளூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்; தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்த முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேட் செய்து இன்னும் பைலில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போதே வீட்டிலிருந்தே வானொலியில் பேசுகிற ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுதி, புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற மோர்ஸ் தேவைப்படாத கீழ் நிலை லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அதோடு கொடுத்த அடையாளப் பெயரை, கால் சைனை, ஸ்டிக்கராக அடித்து பைக்கில் ஒட்டியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் அந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யே காடி கிஸ்கி ஹை?"

என்னுடையது என்றேன், என் ஹிந்தியில்.

"அரே, தமிழா நீ? இந்த ஹிந்தியை வெச்சுக்கிட்டு இங்க எப்படித் தம்பி சோறு வாங்கித் தின்ற?"

ரவிசந்திரன் அண்ணாவோடு பழக்கம் அப்படித்தான். அதிகாரிகள் மேசையில் சாப்பிட வேண்டிய நான், மதியம் கிரேன் ஆட்களோடு உட்கார ஆரம்பித்தேன்.

அண்ணா பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் பிறந்தவர். அப்பா அங்கே ராணுவ டிப்போவில் பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் பெயின்ட் அடிக்கிற வேலை. அண்ணா ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கிரேனில் ஏறுவதற்கு முன்பே மோர்ஸ் கற்று, மேல்நிலை லைசென்ஸ் எடுத்துவிட்டார். மொட்டை மாடியில் ஆன்டெனா ஒயர் கட்டிய மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்லிவிட்டாராம். டிப்போ இருக்கிற ஊர், சந்தேகம் வராதா? லைசென்ஸைக் கண்ணாடி போட்டு வாசல் கதவுக்கு நேரே மாட்டிவைத்தது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் சாமி படத்தைவிட அதுதான் பெரிதாக இருக்கும்.

புனேயில் மோர்ஸ் அனுப்புகிறவர்களில் அவர் கைதான் அழகு என்று பேர். பேச்சுக்குக் குரல் எப்படியோ, மோர்ஸுக்குக் கை அப்படி. தட்டுவதைக் கேட்டே ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள். என் கை அப்படி இல்லை. மேல்நிலைத் தேர்வுக்கு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை அனுப்பியாக வேண்டும். நான் அனுப்பினால் கேட்கிறவருக்குத் தலைவலி வரும். அதற்காகத்தான் மோர்ஸ் ரீடர் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு பெட்டி, சின்னத் திரை. நாம் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு எழுத்தாக மாற்றிக் காட்டும். ஒரு கோடு சரியாக மூன்று புள்ளி நீளம் இருக்க வேண்டும், எழுத்துக்கு நடுவில் இடைவெளியும் அதே அளவு இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அதற்குப் புரியாது. முதல் மாதம் முழுக்கத் திரையில் ஈ, டி, ஈ, ஈ என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மனுஷன் என்றால், சரி, பையன் ஏதோ சொல்ல வருகிறான் என்று ஊகித்துக்கொள்வான். இதற்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நாள் என் பெயர் முழுசாக வந்தது. கந்தசாமி. திரையை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். என்ன என்று தெரியாமலே அவள் ஒரு பூ அனுப்பினாள்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு தேஹு ரோடு போனேன். சுத்தமான கை திரையில் எப்படி வரும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணாவின் மனைவி லலிதா அண்ணி பொஹே தட்டுகளை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் தட்ட ஆரம்பிச்சிடுங்க. மூணு மணி நேரம் தட்டி அப்படி என்னதான் பேசுவீங்க? அங்க மழையா, இங்க மழை. போன்ல கேட்டா அரை நிமிஷம்."

"போன்ல பேசினா நீ ஒட்டுக்கேப்பியே" என்றார் அண்ணா.

அவர் மகள் வைஷாலி கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவள்தான் பெட்டியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணா மோர்ஸ் தட்டுகிற கீயில் விரல் வைத்து, தன் பெயரை அனுப்பினார். ஆர், ஏ, வி, ஐ. எனக்குக் கேட்க எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே கேட்கிற காதுக்கு அப்படித்தானே இருக்கும்.

"அப்பா, யே க்யா? எச், எஸ், ஃபைவ், ஐ. இது உங்க பேர் இல்ல."

அண்ணா சிரித்தார். "இன்ஜினியர் சாஹேப், உன் டப்பா பி.இ. பாஸா, அரியரா?"

மறுபடி அனுப்பினார். இந்த முறை ஏ சரியாக வந்தது, வி வரவில்லை. மறுபடி. எச், எஸ், 5, ஐ. எனக்கு அப்போதும் பயம் இல்லை. கீயில் அழுக்காக இருக்கும் என்றேன். வெள்ளைத்தாளைக் கிழித்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். திருகைச் சரிசெய்தேன். பிறகு அதே கீயில், அதே மேசையில், நான் அவர் பெயரை அனுப்பினேன்.

ஆர், ஏ, வி, ஐ. திரையில் ஒரு பிசகும் இல்லை.

வைஷாலி கைதட்டினாள். அண்ணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது கையால், குழந்தை நடக்கிற மாதிரி மெதுவாக, தட்டினார். ஆர். ஏ. வி. ஐ. வந்தது.

வலது கைக்கு மாற்றினார். எச், எஸ், 5, ஐ.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஏ என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. அந்தக் கோடு நடுவில் ஒடிந்தால் மூன்று புள்ளி ஆகிவிடும். மூன்று புள்ளி என்றால் எஸ். அவர் கோடு போடும்போது கை நடுவில் ஒரு கணம் விட்டுவிடுகிறது, மறுபடி அழுத்துகிறது. அவருக்கே தெரியாமல்.

அண்ணா பெட்டியை மெதுவாக அணைத்தார். வைஷாலியிடம், "பேட்டரி போச்சு, போய் குளி" என்றார். அவள் போன பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணிகிட்ட சொல்லாதே."

ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தார். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. பெட்டி மேல எழுத்து போடுவாருல்ல? ஒரு நாள் மூணுங்கற நம்பர் கோணலா வந்துச்சாம். பிரஷ் சரியில்லைன்னாரு. புது பிரஷ் குடுத்தாங்க. அப்புறம் பெயின்ட் தண்ணியா இருக்குன்னாரு. ரெண்டு வருஷத்துல டீ கிளாஸை எங்கம்மாதான் வாய்கிட்ட பிடிக்கணும். எனக்கு இப்ப அம்பத்தி ஒண்ணு. அவருக்கு ஆரம்பிச்சது அம்பதுல."

எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. ஏப்ரலில் அண்ணாவே கிரேன் மேல் ஒரு புகார் எழுதியிருந்தார். கொக்கி ஏற்றும்போது ஜெர்க் அடிக்கிறது என்று. நான் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மின்சாரத்தைத் தருகிற கான்டாக்டர் என்ற ஸ்விட்சை மாற்றிவிட்டு, ரெஜிஸ்டரில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூனில் அதே புகார் மறுபடி வந்தது. பிரேக் லைனிங் மாற்றினேன். ஓகே. கையெழுத்து. இரண்டு தடவையும் கிரேனில் ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டு டன். கீழே ஆட்கள்.

"ஸ்டீபனைக் கேப்போம்" என்றார் அண்ணா.

ஸ்டீபன் நாகர்கோவில்காரர். பதினைந்து வருஷமாக ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணாவும் அவரும் மோர்ஸில் பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒருவருக்கொருவர் ஒரு மதிப்பெண் கொடுத்துக்கொள்வது இதில் வழக்கம். நீ அனுப்புவது எவ்வளவு புரிகிறது, எவ்வளவு பலமாக இருக்கிறது, ஒலி எவ்வளவு சுத்தம் என்று மூன்று எண். 599 என்றால் அப்பழுக்கில்லை என்று அர்த்தம். அண்ணாவின் பதிவு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக 599 தான். அதைக் காட்டிக்கூட என்னிடம் பெருமைப்பட்டிருக்கிறார்.

அண்ணா போனை ஸ்பீக்கரில் போட்டார். "ஸ்டீபன், உண்மையைச் சொல்லணும். என் கை எப்படி வருது?"

"என்னண்ணே திடீர்னு?"

"சொல்லுங்க."

"அது ஒரு ஆறேழு மாசமாவே அப்பிடித்தாண்ணே இருக்கு. கோடு முறிஞ்சு முறிஞ்சு வருது. வயசாகுதுல்லா, நமக்குத் தெரிஞ்ச ஆளுதானேன்னு நான் நெதானிச்சு எடுத்துக்கிடுவேன்."

"அப்புறம் ஏன் 599 குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் அதானண்ணே குடுக்கோம். போன மழையில எனக்க ஆன்டெனா ஒடிஞ்சு தரையில கெடந்தன்னைக்கும் நீங்க எனக்கு 599ன்னுதான் சொன்னீங்க. நான் ஏதாவது கேட்டனா?"

புனே லோக்கல் வருகிற அறிவிப்பு மூன்று மொழியில் முடிகிறவரை அண்ணா போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"சனிக்கிழமை டாக்டரைப் பாக்கறேன்" என்றார் என்னிடம். "அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. கைன்னு ஒரு வார்த்தை ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா அப்புறம் நான் மேல ஏற முடியாது கந்தசாமி. எனக்கு வேற வேலை தெரியாது."

சரி என்று தலையாட்டினேன். ரயிலில் ஏறி நின்ற பிறகுதான், எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது.

திங்கட்கிழமை நான் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை கான்டீனில் தட்டை வாங்கி அப்படியே வைத்தேன். ஷெட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே பார்த்தேன். சின்னச் சின்ன டைகளாக அண்ணா தூக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு டையும் தரையைத் தொட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன். புதன்கிழமை காலை பெரிய டையை ஒரு பிரஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற வேலை இருந்தது. சொல்லிவிட்டால் அவர் வாழ்க்கையை நான் முடித்தவன் ஆவேன். சொல்லாமல் இருந்தால்? அந்தப் பாதியை என்னால் யோசித்து முடிக்க முடியவில்லை.

கொக்கிக்குக் கீழே நின்று டையைக் கையால் பிடித்துத் திசை காட்டுகிறவரை கலாசி என்பார்கள். எங்கள் கலாசி காம்ப்ளே, அண்ணாவோடு பதினெட்டு வருஷம். செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவரிடம் ஜாடையாகக் கேட்டேன், இப்போது ஜெர்க் இருக்கிறதா என்று. என் ஹிந்திக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இருக்கே. ரெண்டு மாசமா நான் டை மேல கையே வைக்கறதில்ல. ஒரு ஜாண் தள்ளி, சும்மா வெச்ச மாதிரி காட்டுவேன்."

"சூபர்வைசர்கிட்ட சொன்னீங்களா?"

"ரவி அண்ணாவைப் பத்தியா? பாகல் ஹை க்யா?" பைத்தியமா உனக்கு என்று கேட்டவர், கட்டிங் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டீபன், காம்ப்ளே, நான். அவரைப் பிடித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு 599 கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒரு ஜாண் தூரத்தில் கை வைத்துக்கொண்டு.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கு பிரஸ்கள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். எப்போதும் காது அடைக்கிற அந்த ஷெட்டில் திடீரென்று புறா சிறகடிப்பதுகூடக் கேட்டது. சூபர்வைசர் ஷிண்டே மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார். காம்ப்ளேவும் இன்னும் இரண்டு பேரும் டையில் சங்கிலியை மாட்டினார்கள். அண்ணா ஏணியில் ஏறினார். பாதியில் ஒரு தடவை நின்றார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

நான் போய் தூண் பக்கம் நின்றேன். அங்கேதான் கிரேனுக்குப் போகிற மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிற ஸ்விட்ச் இருக்கிறது. தற்செயலாக அங்கே நின்றேன் என்று பிறகு எழுதிக் கொடுத்தேன். தற்செயல் இல்லை.

அண்ணா கைப்பிடியைத் தள்ளும்போதெல்லாம் மேலே கான்டாக்டர் 'டக்' என்று ஒட்டும். விட்டால் இன்னொரு 'டக்'. ஒட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவில் மோட்டாரின் உறுமல். சின்னத் தட்டு என்றால் சின்ன உறுமல், நீளத் தட்டு என்றால் நீள உறுமல். நான் ஒன்றரை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

நீளம். சுத்தமாக வந்தது. சங்கிலி இறுகியது. மறுபடி நீளம். டை பிரஸ்ஸை விட்டு எழும்பியது. இரண்டடி உயரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து பிரஸ்களுக்கு நடுவில் காலி இடத்துக்கு வந்தது. காம்ப்ளே கூடவே நடந்தார், கை ஒரு ஜாண் தள்ளி. இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லி விரலைச் சுழற்றினார்.

டக். உறுமல். டக்டக். உறுமல்.

நடுவில் ஒடிந்தது. டை ஒரு குலுங்கு குலுங்கியது, சங்கிலி முனகியது. எனக்கு வைஷாலியின் குரல் கேட்டது. எச், எஸ், ஃபைவ், ஐ. காம்ப்ளே ஓர் அடி பின்னால் வைத்து, மறுபடி முன்னால் வந்தார். பழகிவிட்டது அவருக்கு. மறுபடி விரலைச் சுழற்றினார்.

டக். உறுமல். டக்டக்.

நான் ஸ்விட்சை இழுத்தேன்.

மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நானே ஜூனில் லைனிங் மாற்றிய பிரேக். பிடித்தது. டை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"கோணி பந்த் கேலா?" ஷிண்டே கத்தினார். யார் நிறுத்தியது என்று கேட்டபடியே என்னை நோக்கி வந்தார். என் கை இன்னும் ஸ்விட்ச் மேல்தான் இருந்தது. நான்தான் என்றேன். ஏன் என்றார். என்ன சொல்வது? கிரேன் சரியில்லை என்று இன்னொரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, சொல்லியிருப்பேன். மூன்றாவது ஓகேவும் எழுதியிருப்பேன்.

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணா மெதுவாக இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கூண்டின் சாவியை ஷிண்டேயின் கையில் வைத்தார்.

"மாஜா ஹாத், சாஹேப்" என்றார். என் கை. வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது நடுங்கவில்லை. பார்க்க எந்தக் கோளாறும் இல்லாத கை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாவது ஷிப்ட் ஆபரேட்டரை வீட்டிலிருந்து கூப்பிட்டு வர ஐம்பது நிமிஷம் ஆனது. அதுவரை மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் எல்லாரும் அந்த டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காம்ப்ளே அண்ணாவின் பக்கத்தில் வந்து நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அண்ணா அவரைத் திட்டுகிற மாதிரி இருந்தது. காம்ப்ளே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொல்ல நானும் கூடப் போனேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "மார்ச்ல இருந்து சட்டைப் பட்டனை நான்தான் போட்டு விடறேன்" என்றார். "அவசரத்துல போறாரேன்னு நெனச்சுக்கிட்டேன்."

டாக்டர் சின்ச்வட்டில். கையில் ஊசி ஊசியாகக் குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். பிறகு கழுத்துக்கு ஸ்கேன். ரிசல்ட் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அண்ணா எதையும் வலது கையால் தொடவில்லை. டீ கிளாஸை இடது கையால் எடுப்பார், தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம் அதையே பார்ப்பார்.

அப்பாவின் வியாதி இல்லை என்றார் டாக்டர். இருபத்து நான்கு வருஷம் கூண்டிலிருந்து குனிந்து கீழேயே பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்து, கைக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது. பிசியோதெரபி செய்யலாம், ஆறு மாதம் பார்க்கலாம், பிறகு தேவைப்பட்டால் ஆபரேஷன். கை திரும்பலாம். கொஞ்சம் திரும்பலாம். காலிலும் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே வர வேண்டும். கிரேன் இனிமேல் கிடையாது.

அண்ணி அங்கேயே அழுதார். அண்ணா, "வருஷா வருஷம் கம்பெனில மெடிக்கல் பண்ணாங்களே டாக்டர்" என்றார். என்ன பார்த்தார்கள் என்று கேட்டார் டாக்டர். "கண்ணு, பிரஷர். அப்புறம் ஃபிட்டுன்னு எழுதுவாங்க."

இப்போது அண்ணா டூல் ஸ்டோரில் இருக்கிறார். தரையில். கழுத்தில் பட்டையோடு. டை மாற்றுகிற நாட்களில் ஷெட்டுக்குள் வரமாட்டார். அனுமதி இல்லாமல் ஸ்விட்சை இழுத்ததற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. அதையும் முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிற அதே பைலில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேஹு ரோடு போவது நிற்கவில்லை. பெட்டி அங்கேயே இருக்கிறது. அண்ணா ஐம்பது எழுத்து அனுப்புவார். எத்தனை எழுத்தைப் பெட்டி சரியாக எடுத்தது என்று வைஷாலி ஒரு நோட்டில் குறிப்பாள். இடது கை நாற்பதைத் தாண்டிவிட்டது. வலது கை ஒரு வாரம் முப்பது, மறுவாரம் பத்தொன்பது. பத்தொன்பது வந்த அன்று அவர் எழுந்து நின்று, கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஸ்டீபனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வலது கையால் அனுப்பும்போது உண்மையான எண்ணைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் 399 என்று வந்தது. பாதிதான் புரிகிறது என்று அர்த்தம். அனுப்பிவிட்டு ஸ்டீபன் உடனே போனில் கூப்பிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றார். அண்ணா அந்த 399ஐப் பதிவு நோட்டில் எழுதினார். அவருடைய நோட்டில் 599 அல்லாத முதல் எண் அது.

போன வாரம் பெட்டியில் பேட்டரி இல்லை, நிஜமாகவே இல்லை. கடைக்குப் போகிறேன் என்று நான் எழுந்தேன்.

"உக்காரு" என்றார். "எனக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கோ. நீ என் மூஞ்சியைப் பாத்தா பொய் சொல்லுவ." கீயை முன்னால் இழுத்துக்கொண்டார். "கோடு எங்க ஒடையுதுன்னு மட்டும் சொல்லு. நல்லா இருக்குன்னு ஒரு தடவை சொன்னாலும் உன்னை லோக்கல்ல ஏத்தி விட்டுடுவேன்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் வலது கையால் தன் பெயரைத் தட்ட ஆரம்பித்தார். ஆர் முழுசாக வந்தது. நான் இரண்டு கையையும் முழங்காலில் அழுத்திக்கொண்டேன். ஏ.

"ஒடஞ்சது" என்றேன்.

"ம்" என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.